ஆல்டர் டேபிளுக்குப் பிறகு ஃபங்ஷன் உடைகிறது

கேள்வி: போஸ்ட்கிரெஸ் 15 தரவுத்தளம். ஆல்டர் டேபிள் கட்டளையால் வார்க்கார் வகை நெடுவரிசையை டெக்ஸ்ட் வகை ஆக்கினேன். ஆல்டர் சத்தமில்லாமல் முடிந்தது. ஆனால் ரிட்டர்ன்ஸ் டேபிள் (விடை நெடுவரிசைகளின் வகை அறிவிப்பு) கொண்ட பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் நிரல் மொழி) ஃபங்ஷனை அழைத்தால், வினவலின் அமைப்பு விடை வகையோடு பொருந்தவில்லை என்கிறது. முன்பே ஏன் தடுக்கவில்லை?

பதில் 1: ஃபங்ஷனின் உடல் வெறும் சரமாகத்தான் சேமிக்கப்படுகிறது, உள்ளே தொடும் டேபிள்கள் சார்புப் பட்டியலில் பதிவாகாது. அந்த நெடுவரிசையை ஒரு வியூ (பெயரிட்டுச் சேமித்த வினவல்) பயன்படுத்தியிருந்தால் ஆல்டரே நின்றிருக்கும். ஃபங்ஷனுக்குள் வினவலின் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் க்வெரிக்கு வார்க்காரும் டெக்ஸ்ட்டும் வேறு வேறு வகை. அவசரத்துக்கு செலக்ட்டில் ::வார்க்கார் என வகை மாற்றம் போடுங்கள்.

பதில் 2: அது ஒட்டுப்போடுவதுதான். ஃபங்ஷனின் விடை வகை அறிவிப்பையே மாற்றுங்கள். கிரியேட் ஆர் ரீப்ளேஸ் விடை வகையை மாற்ற விடாது. ஒரே டிரான்சாக்‌ஷனில் டிராப் செய்து மீண்டும் உருவாக்குங்கள். பழைய கிராண்ட்டுகள் (அணுகல் உரிமைகள்) போய்விடும், அவற்றையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

பதில் 3: உள்ளே செலக்ட் * (எல்லா நெடுவரிசைகளும்) இருந்தால் எடுத்துவிடுங்கள், நெடுவரிசை சேர்த்தாலே உடையும். மைக்ரேஷன் சோதனையில் ஃபங்ஷன் உடலைச் சரிபார்க்கும் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக் நீட்சியை ஓட்டுங்கள். வெறும் எஸ்க்யூஎல் ஃபங்ஷன் போதுமென்றால் உடலை பிகின் அட்டாமிக் வடிவில் எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் உண்டு, சார்பையும் பதிவு செய்யும்.