டக்ட் ஏசியில் பனி கட்டுகிறது: கேஸ் குறைவா, காற்று குறைவா?

வணக்கம் நண்பர்களே. திருச்சி பக்கம் எங்கள் குடும்பத்துக் கல்யாண மண்டபத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 11 டன் டக்ட் ஏசி (பெரிய காற்றுக் குழாய் வழியாகக் குளிர்காற்று அனுப்புகிற ஏசி) இரண்டு இருக்கின்றன, உள்ளே குளிரூட்டும் கேஸ் ஆர்-410ஏ. மேடைப் பக்கத்து ஏசி மட்டும் போட்ட 2 மணி நேரத்தில் மக்கர் செய்கிறது. வெளியே வைத்திருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் தடித்த செம்புக் குழாயில் வெள்ளையாகப் பனி பிடிக்கிறது, மேடையில் காற்றே வருவதில்லை. போன முகூர்த்தத்தில் பனி உருகி மாப்பிள்ளை தலையிலேயே சொட்டிவிட்டது.

மெக்கானிக் 6 மாதத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றிவிட்டார். கசிவு எங்கே என்று பார்க்கவே இல்லை. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருளா அது? மூடிய குழாய்க்குள் சுற்றுவதுதானே, குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். ஆனால் ஃபில்டர் அடைத்தாலும், புளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) பெல்ட் தளர்ந்தாலும் இதே மாதிரி பனி கட்டுமாம். ஃபில்டரை நானே கழுவிவிட்டேன். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் இரண்டு விரல்கடை இறங்குகிறது. இது சரியா, தளர்வா?

அப்புறம், நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை வைத்து கேஸ் நிரப்புகிற ஆள் திருச்சியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன.