ஃபின் (வெப்பத்தைக் கடத்தக் குழாயோடு பொருத்தும் மெல்லிய உலோகத் தகடு) வேலையில் உங்களை இன்னும் உறுத்தும் சம்பவம் எது?

டூல்ரூம்காரன்
வீட்டு ஏசி கண்டென்சர் காயில். 0.1 மிமீ அலுமினிய ஃபின், 7 மிமீ காப்பர் குழாய். பிரஸ்ஸில் ஃபின்னுக்குத் துளை போட்டு, ஓரத்தைக் கழுத்து போல இழுத்துக் காலராக்கி, அதன் விளிம்பை ஃபிளேராக வெளியே விரிப்போம்; பிறகு ஃபின்களை அடுக்கிக் குழாயை நுழைத்து, எக்ஸ்பாண்டரில் புல்லட் என்ற உருண்டை முனையை உள்ளே தள்ளிக் குழாயை விரித்துக் காலரோடு இறுக்குவோம். டெஸ்ட் ரூமில் குளிரூட்டும் கெப்பாசிட்டி வரவில்லை. கேஸ் அளவு சரி, லீக் இல்லை, ஃபேனையும் மாற்றிப் பார்த்தாயிற்று. எல்லோரும் கம்ப்ரசரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை உறுத்தியது வேறு: பிரஸ்ஸிலிருந்து வரும் ஃபின் அடுக்கு, அதே எண்ணிக்கைக்கு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் ஒரு காயிலை அறுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். காலரின் விளிம்பிலிருந்து அடிவரை நேராக ஒரு வெடிப்பு. அடுத்த ஃபின்னிலும் அதே இடத்தில், அதற்கடுத்ததிலும். துளை போடும் பஞ்ச் மழுங்கி ஓரத்தில் பிசிறு விட்டிருக்கிறது, காலரை இழுத்து ஃபிளேர் விரிக்கும்போது அந்தப் பிசிறிலிருந்துதான் கிழிகிறது. கிழிந்த ஃபிளேர் அடுத்த ஃபின்னைத் தாங்காமல் உள்ளே இறங்க விட்டுவிடும், அடுக்கு தாழ்ந்ததற்குக் காரணம் அதுதான். அப்புறம் எக்ஸ்பாண்டரில் புல்லட் இறங்கிக் குழாய் விரியும்போது வெடித்த காலர் கவ்வாமல் விலகிக்கொடுக்கிறது. நடுவில் காற்று இடைவெளி. வெப்பம் எங்கே போகும்? வெளியிலிருந்து பார்த்தால் காயில் பளபளவென்று இருந்தது, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

ஓரகடம்_பிரேஸிங்
இதற்குத்தான் குழாயை விரிக்கும் முறையையே விட்டுவிட வேண்டும் என்கிறேன். கார் ரேடியேட்டரில் காலரே கிடையாது, லூவர் (சாய்ந்த வெட்டுகள் உள்ள) ஃபின்னை ரோலில் மடித்துக் குழாய்களுக்கு நடுவே வைத்து உலையில் பற்றவைத்தால் எல்லாம் ஒரே உலோகம்.

என் அனுபவம்: உலையிலிருந்து வந்த கோர் (குழாயும் ஃபின்னும் சேர்ந்த தொகுதி) ஒன்று, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கட்டை விரலால் ஃபின்னை லேசாகத் தள்ளினேன், ஒரு வரிசை முழுவதும் நாடா போல உருவிக்கொண்டு வந்துவிட்டது. குழாயின் மேல் சாம்பல் நிறத்தில் ஃபிளக்ஸ் (ஆக்சைடு படலத்தை நீக்கிப் பற்றவைக்க உதவும் பொடி) அப்படியே உட்கார்ந்திருந்தது. நைட்ரஜன் நிரப்பிய உலைக்குள் ஈரம் போயிருக்கிறது, உலைக்கு முன்னால் இருக்கும் டிரையர் கோரைச் சரியாக உலர்த்தவில்லை. மேல்பூச்சிலிருக்கும் அலுமினியம் சிலிக்கான் 577 டிகிரியில் உருக ஆரம்பிக்கும், உலை 600 பக்கம், உள்ளே இருக்கும் 3003 ரக அலுமினியம் 640-ஐ ஒட்டி உருகிவிடும். அந்தக் குறுகலான இடத்தில்தான் நம் பிழைப்பே. உலைக்குள் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் (100 பிபிஎம்) கீழே இருந்தே ஆக வேண்டும். டியூ பாயின்ட் (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40-க்குக் கீழே இருக்கிறதா என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

ஈசிஆர் மெக்கானிக்
பிரேஸிங் அண்ணா, எல்லாம் ஒரே உலோகம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். கடற்கரையில் வந்து சர்வீஸ் பண்ணிப் பாருங்கள். முழு அலுமினிய காயிலில் மெல்லிய குழாய்ச் சுவரிலேயே புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை விழும். அதைப் பற்றவைக்க ஆள் கிடைக்காது, காயிலையே மாற்ற வேண்டியதுதான்.

காப்பர் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கோவளம் பக்கம் மொட்டை மாடியில் ஒரு அவுட்டோர் யூனிட், வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. "கேஸ் போயிடுச்சு, அடிச்சிடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். பிரஷர் பார்த்தால் கேஸ் அப்படியே இருக்கிறது. ஃபின்னைத் தொட்டேன், வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. காப்பருக்குக் கீறல்கூட இல்லை. உப்புக் காற்றின் ஈரத்தில் காப்பரும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் தன்னைக் கொடுக்கும், அதுவும் குழாயைச் சுற்றி காலர் இருக்கும் இடத்தில் முதலில். வெளிப்பக்க ஃபின் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பிடிப்பே இருக்காது. விற்கும்போது, அரிப்பைத் தடுக்கும் எபாக்ஸி பூச்சு பற்றி அந்த வீட்டுக்காரரிடம் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

துவாக்குடி ஃபின்டியூப்
நாங்கள் பாய்லர் பக்கம். எகனாமைசர் (புகையின் சூட்டில் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் பகுதி) குழாயில் ஸ்டீல் பட்டையைச் சுருளாகச் சுற்றி ஹை ஃப்ரீக்வென்சி வெல்டிங். சோதனை எளிது, பட்டையின் நுனியைப் பிளேயரால் பிடித்து இழுக்க வேண்டும், பட்டை கிழியலாம், வெல்டு விடக் கூடாது. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் கண்முன்னே ஒரு சுற்று முழுவதும் சத்தமில்லாமல் பிரிந்து வந்தது. குழாயை ஷாட் பிளாஸ்ட் (சிறு இரும்புக் குண்டுகளை வீசிச் சுத்தம் செய்வது) பண்ணாமல் மில் ஸ்கேலோடு (மேலே படிந்த ஆக்சைடு ஓடு) ஏற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் கதை.

ஆனால் இளைஞர்கள் படிப்பதால் சிலது சொல்கிறேன். எந்த ஃபின் எந்தச் சூட்டுக்கு என்று முதலில் பாருங்கள். அலுமினியத்தை எல் வடிவத்தில் மடித்துச் சுற்றியது 130 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தளர்ந்துவிடும். எக்ஸ்ட்ரூடட் (குழாய்மேல் போட்ட அலுமினிய உறையை அழுத்தி ஃபின்னாக எழுப்பியது) என்றால் 300 வரை, குழாயில் பள்ளம் வெட்டிப் பதித்தது 400 வரை. ஃபின் எப்போதும் காற்றோ புகையோ போகும் பக்கத்தில்தான், தண்ணீர்ப் பக்கம் வைத்துக் காசை வீணாக்காதீர்கள். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பமும் இரண்டு மடங்காகும் என்று நம்பாதீர்கள், நுனிக்குப் போகப் போக ஃபின் காற்றின் சூட்டை நெருங்கிவிடும், அங்கே வேலை நடக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இன்னும் மோசம், வெப்பம் கடத்தும் திறன் அலுமினியத்துக்கு 200-க்கு மேல் (W/mK) என்றால் அதற்கு 15 பக்கம்தான். டூல்ரூம் தம்பி, நீங்களும் ஃபின் இடைவெளியை நெருக்குவதற்கு முன்னால் நடுவில் அடைக்கும் தூசியை யோசியுங்கள்.

டூல்ரூம்காரன்
அய்யா, சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் காயில் 130 டிகிரியைப் பார்க்கப் போவதே இல்லை. இடைவெளியையும் நாங்கள் நெருக்கவில்லை, காலர் கிழிந்து தானாக நெருங்கியது.

ஈசிஆர் சொன்னதுதான் எனக்குப் புதிது. குழாயைச் சுற்றி அரிப்பு முதலில் வருகிறது என்றால், வெடித்த காலருக்குள் உப்பு ஈரம் இன்னும் சுலபமாகத் தங்குமே. அடுத்த முறை அப்படி ஒரு காயில் கைக்கு வந்தால் தூக்கிப் போடாமல் அறுத்துப் பாருங்கள் அண்ணா. பொடியாகாத ஃபின்களில் வெடிப்பு ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒரே கோட்டில் இருந்தால் கடலை மட்டும் குறை சொல்ல முடியாது, பஞ்சும் சேர்ந்துதான் காரணம்.