எம்எஸ்ஆர் டிரைவர் வழியாக கோர் வெப்பநிலை: மதிப்பு அசையவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
லினக்ஸில், இன்டெல் சிபியுவின் கோர் வெப்பநிலையை எம்எஸ்ஆர் ரெஜிஸ்டரிலிருந்து (சிபியு தன் நிலை, அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் சிறப்பு ரெஜிஸ்டர்) நேரடியாக எடுக்கப் பார்க்கிறேன். முதலில் விவரம் தெரியாமல் சி புரோகிராமுக்குள்ளேயே அசெம்ப்ளியில் அதைப் படிக்கும் ஆர்டிஎம்எஸ்ஆர் கட்டளையைப் போட்டேன், ஓட்டியதும் செக்மென்டேஷன் ஃபால்ட். அது கெர்னல் ஓடும் ரிங் 0-இல் மட்டும் ஓடும் கட்டளை, சாதாரண புரோகிராமாக நாம் இருப்பது ரிங் 3 என்று அப்புறம்தான் புரிந்தது. சரி என்று மாட்ப்ரோப் மூலம் எம்எஸ்ஆர் மாட்யூலை (இந்த ரெஜிஸ்டர்களை ஃபைலாகக் காட்டும் கெர்னல் டிரைவர்) ஏற்றினேன், டெவ் டைரக்டரியில் சிபியு என்பதன் கீழ் ஒவ்வொரு கோருக்கும் ஒரு எம்எஸ்ஆர் ஃபைல் வந்துவிட்டது. அதை எஃப்ஓபன் செய்து, லூப்புக்குள் நொடிக்கு ஒரு முறை 412-க்கு (வெப்பநிலை ரெஜிஸ்டரின் எண், ஹெக்ஸில் 19சி) எஃப்சீக், பிறகு எஃப்ரீடில் 8 பைட். ரூட்டாகத்தான் ஓட்டுகிறேன். ஹெக்ஸில் 88340000 வருகிறது. 16 முதல் 22 வரையுள்ள பிட்களில் 52, அதாவது உச்ச வரம்புக்கு எத்தனை டிகிரி கீழே என்பது; இந்த சிபியுவின் உச்ச வரம்பு 100, ஆக 48 டிகிரி. கணக்கு சரிதான். ஆனால் எல்லா கோருக்கும் லோடு கொடுத்து ஃபேன் அலறும்போதும் அதே 48! சென்சார் செத்துவிட்டதா?

பதில் 1:
சென்சார் மேல் பழி போடுவதற்கு முன், எம்எஸ்ஆர்-டூல்ஸ் தொகுப்பில் இருக்கும் ஆர்டிஎம்எஸ்ஆர் கமாண்டை அதே லோடில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் இதே ஃபைலைத்தான் படிக்கிறது. லோடு வேறு கோரில் ஓடுகிறதோ என்று கேட்க வந்தேன், எல்லா கோருக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். அதில் 88160000, அதாவது 78 டிகிரி. என் புரோகிராம் பக்கத்து டெர்மினலில் இன்னும் 48 என்றே சாதிக்கிறது.

பதில் 2:
அப்படியென்றால் டிரைவர் மேல் தப்பில்லை, எஃப்ரீட்தான் ஏமாற்றுகிறது. எஸ்ட்ரேஸ் (புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள், உருப்படியாக நடந்த ரீட் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதுவும் நீங்கள் கேட்ட 8 பைட் இல்லை, 4096. சி லைப்ரரி தன் பஃபரை, அதாவது முன்கூட்டியே படித்து வைக்கும் இடத்தை, நிரப்ப அவ்வளவு கேட்கிறது. இந்த டிரைவரில் ஆஃப்செட் என்பது பைட் இடமே இல்லை, ரெஜிஸ்டர் எண். 4096 கேட்டால் அடுத்தடுத்த ரெஜிஸ்டருக்குப் போகாமல் அதே ரெஜிஸ்டரை 512 தடவை படித்துக் கொடுக்கும். அடுத்த சுற்றில் எஃப்சீக் செய்யும்போது, "412 ஏற்கெனவே என் கையில் இருக்கிறதே" என்று லைப்ரரி பழைய பஃபரையே நீட்டிவிடுகிறது. சாதாரண ஃபைலுக்கு அது புத்திசாலித்தனம், இங்கே வினை.

ஓபன், பிரீட் (பஃபர் இல்லாமல், கொடுத்த ஆஃப்செட்டில் நேரடியாகப் படிப்பது) இரண்டையும் பயன்படுத்துங்கள். அளவு 8, ஆஃப்செட் 412. 4 பைட் போதுமே என்று குறைத்துக் கேட்காதீர்கள், 8-இன் மடங்காக இல்லாவிட்டால் இன்வாலிட் ஆர்க்யுமென்ட் என்று திருப்பி அனுப்பிவிடும். அந்த சிபியுவில் இல்லாத ரெஜிஸ்டர் எண்ணைக் கொடுத்தால் ஐஓ எரர் வரும். 31-ஆவது பிட் 1 ஆக இருந்தால்தான் அந்த மதிப்பை நம்பலாம், அதையும் சோதியுங்கள்.

பதில் 3:
வெப்பநிலைக்காக மட்டும் என்றால் இந்தப் பாடே தேவையில்லை. கோர்டெம்ப் டிரைவர் இதே ரெஜிஸ்டரைப் படித்து, சென்சார் அளவுகளைக் கெர்னல் ஃபைலாகக் காட்டும் எச்டபிள்யுமான் கீழே டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதி வைக்கிறது, ரூட்டும் வேண்டாம். கற்றுக்கொள்ளத்தான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எழுதினால் கெர்னல் 5.9-இலிருந்து லாகில் எச்சரிக்கை விழும், கெர்னலுக்கு டெயின்ட் (வழக்கமான நிலையில் இல்லை என்ற) முத்திரையும் விழும். செக்யூர் பூட்டால் கெர்னல் லாக்டவுன் (ரூட்டுக்கும் சில வேலைகளைத் தடுக்கும் நிலை) ஆகியிருந்தால் எழுதவே விடாது, ரூட்டாக இருந்தாலும்.

கேட்டவர்:
பிரீட் போட்டதும் எண் குதிக்க ஆரம்பித்துவிட்டது, 48, 61, 74, 79. எஸ்ட்ரேஸிலும் நீங்கள் சொன்னதேதான், அந்த 4096-க்குப் பிறகு எல்சீக் மட்டும் வரிசையாக நிற்கிறது. கற்றுக்கொள்ளத்தான் செய்கிறேன், எழுதும் எண்ணமில்லை. இன்னொன்று: ரூட் இல்லாமல் ஓட்ட ஃபைலுக்கு சிஎச்மாட் போட்டேன். முன்பு "பர்மிஷன் டினைட்" என்றது, இப்போது "ஆபரேஷன் நாட் பர்மிட்டட்" என்கிறது.

பதில் 2:
ஒரு கதவு திறந்தது, இன்னொன்று பாக்கி. ஃபைல் அனுமதி போக, ஓபன் செய்யும்போது கேப் சிஸ் ராஐஓ என்ற கேப்பபிலிட்டி (ரூட்டின் அதிகாரத்தில் ஒரு தனித் துண்டு) இருக்கிறதா என்றும் டிரைவர் பார்க்கும். செட்கேப் கமாண்டை வைத்து அதை உங்கள் புரோகிராமுக்குக் கொடுங்கள். சிஎச்மாடை எல்லோருக்கும் திறந்து வைக்காமல், ஒரு குரூப்புக்கு மட்டும் படிக்கும் அனுமதி போதும்.

கேட்டவர்:
ஓடுகிறது, நன்றி. நடுவில் ஒரு முறை மறுபடி அதே எரர் வந்து குழம்பினேன். திரும்ப கம்பைல் செய்தால் புது ஃபைல், செட்கேப் கொடுத்தது போய்விடுகிறது. மேக்ஃபைலிலேயே அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.