புதுப்பிப்பு: றம்பொடை ஏற்றத்தில் எம்எக்ஸ்-5உம் ஓட்டிப் பார்த்தாயிற்று

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பாதையில் எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டும் ஓட்ட எப்படி என்று முன்பு எழுதியிருந்தேன். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5ஐயும் சேர்க்கச் சொன்னீர்கள். நண்பர் ஒருவரின் 1.6 லீட்டர் கார் கிடைத்தது.

ஏற்றத்துக்கு இன்னமும் என் ஓட்டு எம்ஜிபிக்குத்தான். 1798 சிசி எஞ்சின் கீழ் வேகத்திலேயே நன்றாக இழுக்கும். மஸ்டாவை முறுக்கித்தான் ஓட்ட வேண்டும். ஆனால் நுவரெலியாவை நெருங்க, காற்று மெலிந்து, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய முறை) உள்ள அந்த இரண்டு கார்களிலும் கலவையில் பெட்ரோல் கூடி ஒரு மந்தம் தட்டும். எம்எக்ஸ்-5இன் இன்ஜெக்‌ஷன் காற்றை அளந்து பெட்ரோல் கொடுப்பதால் அந்தத் தடுமாற்றமே இல்லை.

இறக்கம்தான் பெரிய வித்தியாசம். தவலந்தென்ன பக்கம் மழை ஈரம். மஸ்டாவில் வளைவின் நடுவில் லேசாக பிரேக் தொட்டேன், பின்பக்கம் அசையவில்லை. நான்கு சில்லுக்கும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன். முன்சில்லு எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்கப் பார்க்கிறது என்பதெல்லாம் ஸ்டீயரிங்கிலேயே கைக்குத் தெரிகிறது. என்ன சுகம்!

ஸ்பிட்ஃபயர் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: கொண்டை ஊசி வளைவில் அதுபோல் திரும்பும் கார் இல்லை, சுமார் 7.3 மீட்டர் வட்டத்துக்குள் சுற்றிவிடும். ஆனால் பின்சில்லு அச்சோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும் அதன் ஸ்விங் ஆக்ஸில் பொல்லாதது. வேகமாக வளையும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சில்லு உள்ளே மடிந்து கார் சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தபடி வெளியேறுங்கள்.