மொறிஸ் மைனர் கிறிலை வெட்டலாமா? சூடு தாங்கவில்லை

கொக்குவில் மைனர்:
என்னிடம் இருப்பது 1963 மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின், அப்பப்பாவின் கார். டவுனுக்குள் ஓடும்போது ஓரளவு பரவாயில்லை. ஆனால் இந்தச் சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒரு புதினம் பார்க்கிறேன், பண்ணைப் பாலத்தால் வேலணைக்குக் காற்றுக்கு முகங்கொடுத்துப் போகும்போது சூடு காட்டுகிற ஊசி 80 பாகையை ஒட்டி நிற்கிறது, அதே றோட்டால் அதே வேகத்தில் திரும்பி வந்தால் 95ஐத் தாண்டுகிறது (கேஜ் நான் தனியாக வாங்கிப் பூட்டியது). கிறிலில் (முன்பக்கத்தில் காற்றுப் போகிற சட்டத் தட்டி) ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தை வெட்டி எடு, மிச்சத்தைக் கீழே வளைத்துவிடு, காற்று தாராளமாகப் போகும் என்கிறார் கராஜ் பாஸ். எனக்கு வெட்ட மனமில்லை. கிறிலுக்குப் பின்னால் ஜன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலையை யாரோ முன்பு கட்டியிருக்கிறார்கள், முன்னால் இரண்டு ஸ்பொட் லைற்றும் உண்டு. யாராவது கிறிலை மாற்றிப் பார்த்தீர்களா?

தென்மராட்சிப் பழசு:
தம்பி, சட்டத்தில் கை வைக்க வேண்டாம். வெட்டின கிறிலைத் திரும்ப ஒட்ட ஏலாது, நல்லதாக இன்னொன்று தேடிப் பிடிப்பதும் லேசில்லை. அந்தச் சட்டங்களோடுதான் இந்தக் கார் வெயில் நாடுகளில் எல்லாம் ஓடியது, ஆகவே குற்றம் சட்டத்தில் இல்லை, பிறகு வந்து சேர்ந்த சாமான்களில் இருக்கிறது. முதலில் அந்த நுளம்பு வலையைக் கழற்றுங்கள். ஓட்டை தெரிகிறதே என்று நினைப்போம், ஆனால் அவ்வளவு நெருக்கமான கம்பி காற்றில் பெரும்பங்கைத் தள்ளிவிடும், அதில் பூச்சியும் தூசும் அடைந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஸ்பொட் லைற்றையும் கிறிலுக்கு நேரே வைக்காமல் பம்பரோடு கீழே இறக்குங்கள்.

அடுத்தது இடைவெளி. கிறிலுக்குள் வருகிற காற்று கட்டாயம் எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கிற றேடியேற்றருக்குள்தான் போக வேண்டும் என்றில்லை, பக்கத்தில் வழி இருந்தால் அந்த வழியால் போய்விடும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது இன்னும் மோசம், எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்று அதே இடைவெளியால் முன்னுக்குச் சுற்றி வந்து திரும்பவும் றேடியேற்றருக்குள் போகும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, றேடியேற்றரின் முன்பக்க விளிம்புகளில் பிடித்துப் பாருங்கள். புகை தகடுகளுக்குள் இழுபட்டால் நல்லது, பக்கத்தால் நழுவினால் அந்த இடத்தை அடைக்க வேண்டும். மெல்லிய அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்துக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறிப் பொருத்தினால் போதும், காரில் புதிதாகத் துளை ஒன்றும் போடத் தேவையில்லை. பொழுதுபட்ட பிறகு செய்யுங்கள், வெயிலில் பொனற்றுக்குள் தலையை விட்டால் உங்களுக்கும் ஊசி ஏறும்.

சுண்ணாகம் தண்ணி:
அண்ணை சொன்னது சரி, ஆனால் எதிர்க்காற்றில் சூடு இறங்குகிறது என்பதற்காகக் காற்றில் மட்டும் பழி போட முடியாது. பாதி அடைபட்ட றேடியேற்றருக்கும் காற்று கூடினால் சுகமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் பிடிக்கிற அந்த வெள்ளைப் படிவு றேடியேற்றர் குழாய்க்குள்ளும் பிடிக்கும், எஞ்சின் புளொக்குக்குள்ளும் பிடிக்கும், சூட்டை வெளியே விடாது. எத்தனை வருடமாகக் கிணற்றுத் தண்ணீர் விட்டிருப்பார்களோ. எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றரை மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பாருங்கள் (எஞ்சினை நிறுத்திவிட்டு, கை பத்திரம்). நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன. மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தித் துப்புரவாக்க வேண்டும். அதற்குப் பிறகு பற்றறிக்கு விடுகிற தண்ணீரோடு கூலன்ற் கலந்து விடுங்கள், அதுவும் இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்.

றேடியேற்றர் மூடியையும் பாருங்கள். மைனருக்கு 7 பிஎஸ்ஐ மூடி, அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 110 பாகையில்தான் கொதிக்கும். றப்பர் வாசர் செத்த மூடி என்றால் 100லேயே கொதித்து வெளியே தள்ளும்.

ஏ9 தம்பி:
இவ்வளவு கஷ்டம் ஏன், எலெக்ற்றிக் ஃபான் ஒன்று பூட்டினால் அலுவல் முடிந்தது.

தென்மராட்சிப் பழசு:
முடியாது தம்பி. மின்சாரம் உண்டாக்க உங்கள் காரில் அல்டனேற்றர் இருக்கும், அவருடையது டைனமோ, உச்சத்தில் 22 அம்பியர், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் வராது. ஃபானுக்கு 8, 10 அம்பியர் போனால் இரவில் ஹெட்லைற்றுக்கு எங்கே போவது? இன்னொன்று, மைனர் கொம்பனியால் வரும்போது பொசிற்றிவ் ஏர்த் (பற்றறியின் பொசிற்றிவ் பக்கம் கார் பொடியோடு இணைந்திருக்கும்). அதை மறந்து வயர் கொடுத்தால் ஃபான் எதிர்ப்பக்கம் சுற்றி, வருகிற காற்றை முன்னுக்குத் தள்ளும்.

கொக்குவில் மைனரே, டைமிங்கையும் (பிளக்கில் தீப்பொறி விழுகிற நேரம்) ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கள். யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதுதானே, எஞ்சின் தட்டாமல் இருக்க டைமிங்கைப் பின்னுக்குப் போடுவார்கள். பின்னுக்கு நிற்கிற டைமிங் எஞ்சினைச் சூடாக்கும். யாரும் தொடாத கார் என்றால் இன்னும் அப்படியே நிற்கக்கூடும்.

கொக்குவில் மைனர்:
நன்றி, வலையைக் கழற்றிவிட்டேன், அதற்கே ஊசி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. திரும்பி வரும்போது 90. வலப்பக்கத்தில் மூன்று விரல் போகிற இடைவெளி இருக்கிறது, ஊதுபத்திப் புகை அப்படியே அதற்குள் போகிறது. இன்னொரு கேள்வி: பொனற்றின் பின்பக்கத்தை வாசர் வைத்து உயர்த்தினால் சூடு வெளியேறும் என்கிறார்களே? கலியாண வீட்டு ஹயருக்கும் கார் போகிறது, மெதுவாக ஊர வேண்டியிருக்கும்.

சுண்ணாகம் தண்ணி:
நிற்கும்போது கொஞ்சம் வெளியேறும். ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூட, அதனால் காற்று அந்த வழியால் உள்ளே வரும், கிறிலால் வருகிற காற்றுக்கு வெளியேற இடமில்லாமல் போகும். உயர்த்த வேண்டாம். கலியாண வீட்டுக்காரரிடம் பூமாலையைப் பொனற்றில் கட்டச் சொல்லுங்கள், கிறிலை மூடிக் கட்டினால் பழையபடி நுளம்பு வலைதான்.