எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?

பாளை_பையன்:
போன வாரம் வாலிபர் முகாமுக்குப் போயிருந்தேன். ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. பெயர், சபை, அதுக்குக் கீழ "இரட்சிக்கப்பட்ட தேதி", அதாவது இயேசுவை இரட்சகரா ஏத்துக்கிட்ட நாள். அந்தக் கட்டத்தைக் காலியா விட்டேன். குழுத் தலைவர் தனியா கூப்பிட்டு, "பிறந்த தேதி தெரியாதவன் பிறந்தானான்னே சந்தேகம் தம்பி"ன்னார். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஞாயிறு பள்ளி, ராத்திரி குடும்ப ஜெபம். இயேசுவை நம்பாத நாள்னு ஒண்ணு ஞாபகத்துலயே இல்ல. அப்ப எனக்கு இரட்சிப்பின் நிச்சயம் கிடையாதா?

மறுபிறப்பு_சாட்சி:
கோபப்படாதீங்க தம்பி, அவர் கேட்டது நியாயம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியை எடுத்துக்கோங்க. போதகர் மகன், ஆக்ஸ்போர்டு படிப்பு, குருப்பட்டம், ஜார்ஜியாவுக்கு மிஷனரி. கப்பல்ல புயல் அடிச்சப்ப இவர் நடுங்கினார். கூட வந்த மொரேவியச் சபை ஜெர்மன் குடும்பங்கள் பாடிக்கிட்டே இருந்தாங்க. கரை இறங்கினதும் மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க் கேட்டார்: "இயேசு கிறிஸ்துவை அறிவீரா?" "உலக இரட்சகர்னு அறிவேன்." "சரி, உம்மை இரட்சித்தார்னு அறிவீரா?" அதுக்கு வெஸ்லிகிட்ட திடமான பதில் இல்ல. அது 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவுல கிடைச்சது. ரோமர் நிருபத்துக்கு சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரையை ஒருத்தர் வாசிச்சுக்கிட்டிருந்தார். ராத்திரி எட்டே முக்கால் வாக்குல மனசு அனலானதா டயரியில நேரத்தோட குறிச்சு வச்சிருக்கார். அந்த ஒரு ராத்திரி இல்லேன்னா மெதடிஸ்ட் எழுப்புதல் ஏது?

ரிட்டயர்டு_வாத்தியார்:
முதல்ல பிறந்த தேதி. நான் வேலை பார்த்த ஊர்ல, வலது கை தலையைச் சுத்தி இடது காதைத் தொட்டா அஞ்சு வயசுன்னு ஹெட்மாஸ்டர் ஒரு தேதி போட்டுக்குவார். அப்படி தேதி வாங்கினவங்க பென்ஷனே வாங்கிட்டாங்க. யாரும் பிறக்காம இருக்கல.

ரெண்டாவது, பிரதர், அதே டயரியை 1739 ஜனவரி 4-க்குத் திருப்புங்க. ஒரு வருஷத்துக்கு முன்னாடி நான் கிறிஸ்தவன் இல்லைன்னு சொன்னதுக்கு நண்பர்கள் பைத்தியம்கிறாங்க, இப்பவும் நான் கிறிஸ்தவன் இல்லைன்னு அவரே எழுதுறார். 1766-ல தம்பி சார்லஸுக்கு ஒரு கடிதம். நான் தேவனை நேசிக்கல, எப்பவுமே நேசிச்சதில்லைன்னு வருது. இதுல சில வரிகளை மத்தவங்க கண்ணுல படாம சுருக்கெழுத்துல எழுதியிருக்கார். 28 வருஷம் கழிச்சு அந்த எட்டே முக்கால் எங்க போச்சு?

மறுபிறப்பு_சாட்சி:
ஐயா, அது சோர்வுல எழுதினது. 1791-ல சாகிற வரைக்கும் ஊர் ஊரா பிரசங்கிச்ச மனுஷன். ஒரு சோர்வுக் கடிதம் ஒரு சாட்சியை அழிச்சிடுமா?

ரிட்டயர்டு_வாத்தியார்:
அழிக்காது. அதேபோல ஒரு நல்ல சாயங்காலம் சாட்சியை நிலைநாட்டவும் செய்யாது. வெஸ்லியே அங்கதான் வந்து சேர்ந்தார். தேவன் ஏத்துக்கிட்டார்ங்கிற உணர்வு இரட்சிக்கும் விசுவாசத்துக்குக் கட்டாயம்னு நான் பல வருஷமா நினைக்கிறதில்லைன்னு 1768-ல எழுதிட்டார்.

டோர்ட்_1619:
ரெண்டு பேருமே மனுஷன் பக்கமே நிக்கிறீங்க. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை", யோவான் 10:28. பிடி அவருடையது. 1646-ல எழுதின, சீர்திருத்த சபைகளோட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 18-ம் அதிகாரம், உண்மை விசுவாசிகூட இந்த நிச்சயத்துக்காக ரொம்ப நாள் காத்திருந்து போராட வேண்டி வரலாம்னு ஒத்துக்குது. தேதியைப் பத்தி அதுல பேச்சே இல்ல. ஆனா வாத்தியார் ஐயா, நிச்சயமே வேண்டாம்னு போயிடாதீங்க. "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கும்"னுதானே யோவான் எழுதினார்?

சீயோன்_மகள்:
பறிக்க முடியாது சரி. ஆடே ஓடிப்போனா? விசுவாசத்தை விட்டு விலகிப்போறவங்களைப் பத்தி எச்சரிக்கிற எபிரெயர் 6-ஐ யாரும் தொட மாட்டேங்கிறீங்க. பவுலே "ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு" சரீரத்தை ஒடுக்கினார். எங்க தெருவுல ஒருத்தர், பைபிள் முதல் பக்கத்துல தேதியை சிவப்பு மையில எழுதி அடிக்கோடு போட்டவர். வருஷா வருஷம் அந்த நாள்ல சபைக்கு கேசரி கொடுப்பார். இப்ப குடிச்சிட்டு வந்து அடிக்கிறார். அவர் பொண்டாட்டி அந்த பைபிளை எங்க வீட்டுல கொண்டுவந்து வச்சிருக்காங்க, கிழிச்சிடுவார்னு பயந்து.

டோர்ட்_1619:
அக்கா, 1 யோவான் 2:19. அவர் ஆரம்பத்துல இருந்தே நம்மவர் இல்ல.

சீயோன்_மகள்:
தம்பி, கேசரி கொடுத்த வருஷங்கள்ல அவருக்கும் உங்க அளவு நிச்சயம் இருந்துச்சே. நான் சொல்றது, இருக்கிறதை இழக்கலாம்னு. நீங்க சொல்றது, இருக்குன்னு நினைக்கிறதே பொய்யா இருக்கலாம்னு. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது எது? என்னதுல திரும்பி வர வழியாவது இருக்கு.

டோர்ட்_1619:
இது நல்ல கேள்வி. ஒத்துக்கிறேன். வேலை முடிச்சிட்டு வந்து எழுதுறேன்.

ஜெபமாலை_டீச்சர்:
நான் கத்தோலிக்கப் பெண், அழையாத விருந்தாளி. எங்க பக்கம் இதை மீட்புன்னு சொல்லுவோம். தனி வெளிப்பாடு இல்லாம, கடைசிவரை நிலைச்சிருப்பேன்னு யாரும் தவறாத உறுதியோட சொல்லிக்க முடியாதுன்னு 1547-லயே திரெந்து பொதுச்சங்கம் சொல்லிடுச்சு. எனக்குப் பிடிச்சது 1431-ல ரூவான் நகர விசாரணை. எழுதப் படிக்கத் தெரியாத பிரெஞ்சுப் பொண்ணு ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பார்த்து, "நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னா ஆணவம், இல்லைன்னா குற்றத்தை ஒத்துக்கிட்ட மாதிரி. அவ சொன்னா: இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக. அந்தப் பொண்ணை முகாமுக்கு அனுப்பினா ஃபாரத்துல என்ன எழுதியிருப்பாளோ!

மறுபிறப்பு_சாட்சி:
ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. வாத்தியார் ஐயா சொன்ன சுருக்கெழுத்துக் கடிதம் மனசை விட்டுப் போகல. எனக்கு ஒரு தேதி இருக்கு. கன்வென்ஷன் பந்தல், மண் தரை, பக்கத்துல அம்மா. மனைவி போய் ரெண்டு வருஷம் ஆகுது. அன்னையில இருந்து ஜெபம் பண்ணினா வாய் மட்டும்தான் அசையுது. அந்தத் தேதி ஒண்ணுதான் என் கையில மிச்சம். அதனாலதான் எல்லார்கிட்டயும் கேட்கிறேன் போல.

ரிட்டயர்டு_வாத்தியார்:
பிரதர், நீங்க அதை விடாதீங்க. நான் பேசினது தம்பியோட ஃபாரத்தைப் பத்தி, உங்க பந்தலைப் பத்தி இல்ல. நம்பர் இன்பாக்ஸ்ல போட்டிருக்கேன். சாயங்காலம் கூப்பிடுங்க.

பாளை_பையன்:
அண்ணே, ஸாரி. அடுத்த மாசம் மறுபடி முகாம். அந்தக் கட்டத்துல "தெரியாது, ஆள் உயிரோட இருக்கேன்"னு எழுதலாம்னு இருக்கேன். காது எட்டுதான்னு பார்த்துட்டு அவங்களே ஒரு தேதி போட்டுக்கட்டும்.