அரை ஏக்கர் வீட்டு நிலத்தில் சின்னக் காற்றாலை: பெஸ்தாரி ஜெயா பக்கம் காற்று போதுமா?

குட்டைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வீடு மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய பத்தாங் பெர்ஜுந்தை பட்டணத்தைத் தாண்டி, தோட்ட எல்லையோரம். நிலம் அரை ஏக்கர். மேற்கே 60 மீட்டரில் செம்பனை பிளாக் ஆரம்பம். தெற்கே பழைய ஈயச்சுரங்கக் குட்டை, அகலம் ஏறக்குறைய 300 மீட்டர். கிழக்கே வரிசை வீடுகளும் தெனாகா மின்நிறுவனத்தின் கம்பிகளும். வடக்கே ரப்பர் மரங்கள்.

பின்பக்கம் திலாப்பியா மீன் தொட்டி இருக்கிறது. அதற்குக் காற்று ஊதும் 35 வாட் மின்பம்பு நாள் முழுக்க ஓட வேண்டும். 9 வாட் விளக்கு மூன்று, இரவில் ஐந்து மணி நேரம். மின்சாரம் போனாலும் பம்பு நிற்கக்கூடாது, அதுதான் முக்கியம். இணையத்தில் '1000 வாட்' செங்குத்துக் காற்றாலை ஒன்று 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள். இறக்கைக் கூடு 60 செ.மீ. அகலம், 80 செ.மீ. உயரம், 12 வோல்ட். சோலார் ராத்திரியில் வேலை செய்யாது, காற்று ராத்திரியிலும் அடிக்குமே என்றுதான் இந்த யோசனை.

பின்கட்டுத் தகரக் கூரைமேல் வைக்கலாமா? இல்லை 6 மீட்டர் ஜிஐ குழாய் நட்டு வைக்கலாமா? குட்டைப் பக்கம் திறந்த வெளியாக இருப்பது உதவுமா? இடம் ஒத்துவருமா என்று வாங்குவதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பது?

மின்கணக்கு:
தம்பி, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்கள், அதுவே நல்லது. முதலில் அந்த 1000 வாட்டைப் பார்ப்போம், ஏனென்றால் அதற்குக் காற்றே தேவையில்லை, அளவுநாடா போதும்.

காற்றில் இருக்கும் ஆற்றல் = 0.5 × காற்றின் அடர்த்தி × இறக்கை மறிக்கும் பரப்பு × வேகம் × வேகம் × வேகம். நம் வெக்கையில் அடர்த்தி கன மீட்டருக்கு 1.16 கிலோ என்று போடுங்கள். நீங்கள் சொன்ன கூட்டின் பரப்பு 0.6 × 0.8 = 0.48 சதுர மீட்டர். விநாடிக்கு 12 மீட்டர் காற்றில், அதாவது குடை பிடிக்கவே சிரமமான காற்றில், அந்தப் பரப்பு வழியாகப் போகும் மொத்த ஆற்றலே 480 வாட்தான். அதில் 59.3 விழுக்காட்டுக்குமேல் எந்த இயந்திரமும் எடுக்க முடியாது. 'பெட்ஸ் வரம்பு' என்பது இதுதான். 285 வாட் ஆயிற்று. இந்த மாதிரி சின்னச் செங்குத்து வகையில் உண்மையாகக் கைக்கு வருவது கால் பங்கு, 120 வாட். ஆக அந்தக் காற்றில் 1000 என்பது இயற்பியலே அனுமதிக்காத எண். விற்பவர் என்ன சான்றிதழ் காட்டினாலும் சரி, பரப்பை வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இப்போது உங்கள் ஊர்க் காற்றுக்கு வருவோம். தீபகற்பத்தின் உட்பகுதியில் ஆண்டுச் சராசரி விநாடிக்கு 2 மீட்டரை ஒட்டியே இருக்கும். விநாடிக்கு 3 மீட்டரில் அந்தக் கூட்டுக்குள் போவது 7.5 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் 1.5 வாட். கைப்பேசி சார்ஜருக்கே போதாது.

நல்ல கிடைமட்ட வகை (விசிறி மாதிரி சுற்றுவது), 2 மீட்டர் விட்டம் உள்ளது வாங்கினால் என்ன? பரப்பு 3.14 சதுர மீட்டர். சராசரி 2.5 என்று தாராளமாகவே வைப்போம். வேகம் மும்மடிப் பெருக்கில் வருவதால், சராசரியை மட்டும் மும்மடி ஆக்கினால் தப்பு. வழக்கமான காற்றுப் பரவலுக்கு அதை இன்னும் 1.91-ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் காற்றில் 54 வாட், கையில் 11 வாட். நாளுக்கு 0.26 யூனிட் (கிலோவாட்-மணி), ஆண்டுக்கு 95 யூனிட். யூனிட் 40 சென் என்று வைத்தால் ஆண்டுக்கு 38 வெள்ளி. உங்கள் தேவையோ நாளுக்கு பம்பு 0.84, விளக்கு 0.135, சேர்த்து ஏறக்குறைய ஒரு யூனிட். சராசரி 5 இருந்தால் இதே இயந்திரம் நாளுக்கு 2.1 யூனிட் கொடுக்கும். வேகம் இரண்டு மடங்கு, விளைச்சல் எட்டு மடங்கு. அதனால்தான் இயந்திரத்தைவிட இடத்தைப் பார்க்கச் சொல்கிறோம்.

ராத்திரிக் காற்று பற்றி ஒன்று. உட்பகுதியில் சூரியன் சாய்ந்ததும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேல்காற்றிலிருந்து பிரிந்து படுத்துவிடும். மேற்குக் கரையில் காற்று எழுவது பிற்பகலில், கடல்காற்று உள்ளே வரும்போது. சோலார் பேனல் வேலை செய்யும் அதே நேரம். ராத்திரிக்குக் கைகொடுக்கும் என்று காற்றாலையை இங்கே நம்ப முடியாது.

கோபுரவேலை:
மேலே உள்ள கணக்கு தடையில்லாத வெளிக்கு. உங்கள் நிலத்தில் அதுவும் கிடைக்காது. மரங்கள்தான் காரணம்.

நடைமுறையில் பிடிக்கும் விதி: இறக்கையின் கீழ்நுனி, சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எதையும்விடக் குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தடையைத் தாண்டி வரும் காற்று, தடையின் உயரத்தைப்போல் 20 மடங்கு தூரம்வரை சுழித்துக்கொண்டே வரும். உயரத்தில் இரண்டு மடங்குவரை அந்தச் சுழிப்பு இருக்கும்.

உங்கள் மேற்குச் செம்பனை இப்போது எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஓலைநுனியை 45 பாகையில் பார்க்கும்படி ஒரு தாளை மூலைவிட்டமாக மடித்துப் பிடித்துப் பின்னால் நகருங்கள். நுனி கோட்டில் வரும் இடத்திலிருந்து மரத்தடிவரை உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். 11 மீட்டர் என்று வந்தால் 20 மடங்கு 220 மீட்டர். நீங்கள் 60-இல் இருக்கிறீர்கள்.

அதோடு விடாது. செம்பனை ஆண்டுக்குச் சுமார் அரை மீட்டர் ஏறும், ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறைதான் மறுநடவு. மறுநடவு செய்த பிளாக் பக்கத்தில் இருப்பவர்கள் இதில் ஏமாறுவார்கள்: முதல் மூன்று நான்கு வருடம் வெளி திறந்து கிடக்கும், காற்று நன்றாக வரும், காற்றாலை வைத்த பிறகு கன்றுகள் மேலே வந்து மறித்துவிடும். ஆகவே இன்றைய உயரத்தை விடுங்கள், காற்றாலை நிற்கப்போகும் கடைசி வருடத்தில் மரம் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். 16 மீட்டர் ஓலைநுனி என்றால் இறக்கை அடி 25 மீட்டர், சுழலி நடு 26 மீட்டர். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் நங்கூரங்கள் கம்பத்தடியிலிருந்து கம்ப உயரத்தில் பாதி முதல் முக்கால்வரை தள்ளி வரும், அதாவது 13 முதல் 20 மீட்டர். அரை ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 45 மீட்டர். எப்படியோ அடக்கிவிடலாம். ஆனால் கம்பம் விழுந்தால்? 26 மீட்டர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எல்லையைத் தாண்டும், கிழக்கே தெனாகா கம்பிமேலேயே விழும். மஜ்லிஸிடம் (ஊராட்சி மன்றம்) அனுமதி கேட்டால் அவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

6 மீட்டர் குழாய் பற்றிக் கேட்டீர்கள். அடர்ந்த தோப்பின் மேல் காற்றுக்குத் தரை என்பதே மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு ஏறிவிடும். 11 மீட்டர் செம்பனைக்கு அது 7 மீட்டருக்கு மேல். மேற்குக் காற்றில் உங்கள் 6 மீட்டர் குழாய் அந்தத் தரைக்கும் கீழே நிற்கிறது.

குட்டை உதவுமா என்றால், ஓரளவு. 300 மீட்டர் தண்ணீர்மேல் வரும் காற்று, எதிர்க்கரை மரங்களின் சுழிப்பிலிருந்து வெளிவந்து நேராகத்தான் வரும். ஆனால் தெற்கிலிருந்து அடிக்கும்போது மட்டும். கடல்காற்று மேற்கிலிருந்து வருகிறது, அங்கே செம்பனை நிற்கிறது.

கூரை வேண்டவே வேண்டாம். சுழலியின் அதிர்வு சட்டம் வழியாகத் தகரத்தில் இறங்கி ராத்திரி முழுக்க உறுமும், ஆணித் துளைகள் விரிந்து மழை ஒழுகும். கூரை விளிம்பில் காற்று முறிந்து மேல்நோக்கிச் சுழல்வதால் இறக்கைக்கு வருவது குழம்பிய காற்று, தாங்கிகள் (பேரிங்) சீக்கிரம் போய்விடும்.

பால்வெட்டு:
செங்குத்து வகை எந்தத் திசைக் காற்றையும் வாங்கும், குழம்பிய காற்றுக்கு அதுதான் பொருத்தம் என்று படித்தேனே?

கோபுரவேலை:
திசை மாறினாலும் திரும்ப வேண்டியதில்லை என்பது சரி. ஆனால் குழம்பிய காற்றில் ஆற்றலே குறைவு. இல்லாததை எந்த வகையும் எடுக்க முடியாது. அதோடு ஒவ்வொரு சுற்றிலும் இறக்கைமேல் விசை மாறி மாறி விழுவதால் பற்றவைப்புகள் சோர்ந்து விரிசல் விடும். திசையைவிட வேகம்தான் நம் ஊர்ப் பிரச்சினை.

குட்டைக்கரை:
நன்றி ஐயா. தாளை மடித்துப் பார்த்ததில் செம்பனை 11 மீட்டர்தான், வடக்கு ரப்பர் 18. மனசு ஒப்பவில்லை, ஒரு தடவை அளந்தே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். கையில் பிடிக்கும் காற்றுமானி போதுமா?

அளவுமானி:
போதாது. கையில் பிடித்துப் பார்ப்பவர்கள் காற்று அடிக்கும்போதுதான் வெளியே போவார்கள். அடிக்காத நேரம் கணக்கில் வராது. பதிவு செய்யும் கருவி வேண்டும்.

மூன்று கிண்ணக் காற்றுமானி, திசைகாட்டி, ஒரு சிறு பதிவுக்கருவி. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையும் நினைவட்டையும் வைத்தே செய்துகொள்ளலாம். காற்றுமானியைக் கம்பத்தின் உச்சியிலேயே நேராக நிறுத்துங்கள். பக்கவாட்டில் வைத்தே ஆக வேண்டுமென்றால், கம்பத்தின் விட்டத்தைப்போல் ஆறு மடங்காவது தள்ளி நீட்டுங்கள், இல்லாவிட்டால் கம்பத்தின் நிழலைத்தான் அளப்பீர்கள்.

மலிவான ஒரு வகையில் விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மணிக்கு 2.4 கி.மீ. பத்து நிமிடத்தில் 2,250 துடிப்பு எண்ணினால் விநாடிக்கு 3.75, அதாவது மணிக்கு 9 கி.மீ., விநாடிக்கு 2.5 மீட்டர். உங்கள் கருவியின் எண் வேறாக இருக்கலாம், தாளில் பாருங்கள். தொடுசுவிட்ச் வகையில் ஒரு சுற்றை இரண்டாக எண்ணும் கோளாறு சகஜம். 5 மில்லிவிநாடிக்குள் வரும் இரண்டாவது துடிப்பைத் தள்ளும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் சராசரி வேகம், மும்மடியின் சராசரி, உச்ச வேகம், திசை, நான்கையும் எழுதி வையுங்கள். மும்மடி ஏன்? பாதி நேரம் சும்மா இருந்து பாதி நேரம் 5 அடித்தால் சராசரி 2.5. அதன் மும்மடி 15.6. உண்மையான மும்மடிச் சராசரி 62.5. நான்கு மடங்கு வித்தியாசம், காற்றாலைக்குச் சாதகமாகவும் இருக்கலாம். எனவே உங்கள் ஆசைக்கும் இந்த அளவு நியாயம் செய்யும்.

முழு வருடம் அளப்பது நல்லது. முடியாவிட்டால் டிசம்பர் முதல் பிப்ரவரி, ஜூன் முதல் ஆகஸ்ட், இரண்டையும் விடாதீர்கள். ஏப்ரலும் அக்டோபரும் பருவமாற்ற மாதங்கள், காற்று சோர்ந்து திசையின்றி இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலை வரும் 'சுமத்ரா' புயற்காற்றை மட்டும் பார்த்து மயங்காதீர்கள்: அரைமணி அடித்து ஓய்ந்துவிடும், காற்றாலையைச் சோதிக்குமே தவிர பேட்டரியை நிரப்பாது. வடகிழக்குப் பருவத்தின் பலமான காற்று கிழக்குக் கரைக்குத்தான். தித்திவங்சா மலைத்தொடர் நமக்குக் குறுக்கே நிற்கிறது. கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் 100 கிலோவாட் காற்றாலை இரண்டை நிறுத்தியதும் தென்சீனக் கடலின் திறந்த காற்றை நம்பித்தான்.

கருவி வாங்குமுன் ஒரு காசும் செலவில்லாத சோதனை: பட்டம் விட்டு, நூலில் 3 மீட்டருக்கு ஒரு ரிப்பன் கட்டுங்கள். கீழ் ரிப்பன்கள் துடித்துச் சுழலும், ஓர் உயரத்துக்கு மேல் நேராக நீண்டு நிற்கும். அந்த உயரம்தான் சுழிப்பின் மேல்மட்டம். தெனாகா கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி, இடி முழக்கம் கேட்காத நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

அளந்த பிறகு முடிவு இப்படி: இறக்கை நிற்கப்போகும் உயரத்தில் ஆண்டுச் சராசரி 4-க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். 4 முதல் 5, மின்கம்பி வராத இடத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

மின்கணக்கு:
இன்னொன்று. 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் ஊக்க விலைப் பட்டியலில் காற்று இல்லை. வீட்டு மின்சாரத்தைத் தெனாகாவுக்குத் திருப்பிவிடும் திட்டமும் சோலாருக்குத்தான். மிஞ்சியதை விற்கலாம் என்ற கணக்கைப் போடாதீர்கள்.

உங்கள் பம்புக்கு: 550 வாட் பேனல் ஒன்று, நம் வெயிலுக்கு நாளுக்கு சராசரி 1.9 யூனிட். 24 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 2.5 யூனிட் கொள்ளும். இரவுக்கு உங்களுக்கு 0.63 போதும், ஆகவே தொடர்ந்து மழை மூட்டம் இருந்தாலும் இரண்டு நாள் தாங்கும். பேனலிலிருந்து முடிந்தவரை மின்சாரம் எடுத்துப் பேட்டரியை நிரப்ப 30 ஆம்பியர், 100 வோல்ட் எம்பிபிடி கன்ட்ரோலர். பம்பை 24 வோல்ட் டிசி வகையாகவே வாங்கினால் இன்வெர்ட்டரில் போகும் இழப்பு மிச்சம். 12 வோல்ட்டுக்கு இறங்காதீர்கள்: 20 ஆம்பியர், 30 மீட்டர் தூரம், 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் போக வர 3.7 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

வருங்காலத்தில் யாராவது காற்றாலை ஒன்றைக் கொடுத்தாலும் அதைச் சோலார் கன்ட்ரோலரில் மாட்டாதீர்கள். பேட்டரி நிரம்பியதும் அது சுற்றைத் திறந்துவிடும், சுமையில்லாத சுழலி கட்டுப்பாடின்றி வேகமெடுத்து இறக்கையை வீசும். காற்றாலைக் கன்ட்ரோலர் மிச்ச மின்சாரத்தை ஒரு வெப்பத் தடைக்குத் திருப்பிவிடும், தேவைப்படும்போது முனைகளைக் குறுக்கிணைத்து நிறுத்தும்.

கோபுரவேலை:
அளக்க நடும் கம்பத்துக்கும் எர்த் வேண்டும், மறக்க வேண்டாம். இடி மின்னல் அதிகமுள்ள நிலப்பரப்பு இது. கம்பத்தடியில் ஒரு எர்த் கம்பி, ஒவ்வொரு ஸ்டே நங்கூரத்திலும் ஒன்று, எல்லாவற்றையும் செம்புப் பட்டையால் இணைத்து 10 ஓமுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பதிவுக்கருவியை வீட்டு மின்னோடு இணைக்காமல் தனி பேட்டரியில் ஓட்டுங்கள்.